முதல் அடி விழும்போது உள்ளே இருந்தவர்கள்

அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு ஷெட்டுக்குள் இருந்தவர்கள் இவர்கள்தான். லேத்தில் மேஸ்திரி. சின்ன பவர் பிரஸ்ஸில் கருப்புச்சட்டை அண்ணன். பெரிய பிரஸ்ஸில் திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருகிறவர். டிரில்லிங் மிஷினில் நான். வாசலை ஒட்டின மூலையில் சாக்கு விரித்து உட்கார்ந்து வாஷர் எண்ணிக் கட்டிக்கொண்டிருந்த பேக்கிங் அக்கா. ஆக ஐந்து பேர். முதலாளி பத்து மணிக்குத்தான் வந்தார், அவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். அக்காவைச் சேர்க்கலாமா என்பதில்தான் பிறகு எல்லாமே வந்தது. ஏனென்றால் எங்கள் ஷெட்டு வழக்கப்படி அந்த நேரத்தில் அக்கா உள்ளே இருக்கக் கூடாது.

எனக்கு இதையெல்லாம் கோர்வையாகச் சொல்ல வராது. எட்டாவதோடு நின்றவன். ஆனால் இதை நான் மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் தப்பு வேறு வேறு ஆள் மேல் போய் நிற்கிறது. எழுதிப் பார்த்தால் ஓர் இடத்தில் நிற்குமோ என்றுதான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் பின்பாதி. அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்பக்கத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சின்ன ஷெட். பெரிய கம்பெனிக்குச் செய்கிற கம்பெனிக்குச் செய்கிற இடம் எங்களுடையது. கிளிப், வாஷர், சின்ன பிராக்கெட். பவர் பிரஸ்ஸைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அதன் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கீழே பெடலை மிதித்தால் மேலே இருக்கிற பஞ்ச் ஒரே ஒரு தடவை இறங்கித் தகட்டை அடித்துவிட்டு மேலே போய் நின்றுவிடும். அப்படி நிறுத்துவது உள்ளே ஸ்பிரிங் போட்ட கிளட்ச். நின்ற பிறகு கையை விட்டு அடித்த சாமானை எடுத்து, அடுத்த தகட்டை வைக்க வேண்டும். இடுக்கி வைத்து எடுக்கலாம், ஆனால் இடுக்கியில் எடுத்தால் ஒரு நாளைக்கு ஐயாயிரம் பீஸ் ஆகாது. அதனால் எல்லோரும் கைதான். எப்போதாவது மிதிக்காமலே பஞ்ச் இரண்டாவது தடவை இறங்கும். அதை நாங்கள் டபுள் என்போம். டபுள் விழுகிற நேரத்தில் கை உள்ளே இருந்தால் அவ்வளவுதான்.

இந்தப் பயத்துக்குத்தான் எலுமிச்சம்பழம். தினமும் பெரிய பிரஸ்ஸின் முதல் அடி பழத்துக்கு. தகடு வைக்கிற அடி அச்சான டையின் மேல் குங்குமம் தடவிய பழத்தை வைத்து, கையை எடுத்துவிட்டு, ஒரு மிதி. பழம் சிதறும். பிறகு பிரஸ்ஸின் அடியில் ஒரு துண்டு கற்பூரம் ஏற்றி, அது தானாக அணைகிற வரைக்கும் எல்லோரும் கைகட்டி நின்று பஞ்சையே பார்க்க வேண்டும். சக்கரம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கற்பூரம் அணைந்ததும் நசுங்கின தோலை அள்ளி வாசலின் இரண்டு பக்கமும் போட்டுவிட்டு வந்தால்தான் டைக்குள் கை போகலாம். மேஸ்திரி முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து கொண்டுவந்த வழக்கம் இது. அதோடு இன்னொன்றையும் கொண்டுவந்திருந்தார். புருஷன் இல்லாதவர்கள் அந்த நேரத்தில் உள்ளே இருக்கக் கூடாது.

ஷெட்டில் அப்படி இருந்தது அக்கா ஒருத்திதான். வெள்ளானூரிலிருந்து பஸ் பிடித்து ஏழே முக்காலுக்கே வந்துவிடும். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். லாரியில் அடிபட்டுப் புருஷன் போய் இரண்டு பெண் குழந்தைகளோடு நின்றது. வந்ததும் உள்ளே வராமல் எதிர்ப்பக்கம் சாக்கடை ஓரத்தில் டிபன் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தோல் வாசலுக்கு வந்ததும் அதைத் தாண்டி உள்ளே வரும். மழை பெய்தால் பக்கத்து ஷெட் வாட்ச்மேன் குடைக்குள் தலையை மட்டும் நுழைத்துக்கொள்ளும். அக்கா ஒரு நாளும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் அப்போது அது தப்பென்று தோன்றவில்லை. ரயில் கேட் மூடினால் நிற்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

கருப்புச்சட்டை அண்ணன் வந்த பிறகுதான் தோன்ற ஆரம்பித்தது. கருப்புச் சட்டை வாரத்துக்கு இரண்டு நாள்தான் போடுவார், பெயர் மட்டும் ஏழு நாளும் ஒட்டிக்கொண்டது. என்னைவிட நாலைந்து வயசு மூத்தவர். கூட்டங்களுக்குப் போவார், சின்னச் சின்னப் புத்தகங்களாக வாங்கி டிபன் பைக்குள் வைத்திருப்பார். வந்த இரண்டாவது வாரமே மேஸ்திரியிடம் கேட்டார்.

"மேஸ்திரி, உங்க பிரஸ்ஸுக்கு அந்தம்மா விதவைன்னு எப்படித் தெரியும்? ரேஷன் கார்டு காட்டுனீங்களா?"

மேஸ்திரி லேத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தோ பாரு நைனா, உன் கூட்டத்துல பேசறத அங்கியே வெச்சிக்கோ. இங்க பத்து விரலோட வந்தவன் பத்து விரலோட ஊட்டுக்குப் போவணும். அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

"போறதுக்கு கிளட்ச்சுக்கு எண்ணெய் உடணும். பழம் உட்டா ஜூஸ்தான் வரும்."

திருநின்றவூர்க்காரர் சிரித்துவிட்டார். அவர் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர், பதினோரு வருஷமாகப் பெரிய பிரஸ் ஓட்டி ஒரு கீறல் வாங்காதவர். கருப்புச்சட்டை அண்ணன் அவரைப் 'பட்டை' என்றுதான் கூப்பிடுவார். அவரும் பதிலுக்கு 'காக்கா' என்பார். இருவரும் ஒரே டிபன் டப்பாவில் கை விட்டுச் சாப்பிடுகிறவர்கள்.

மேஸ்திரி மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் பத்து நாள் லீவு போட்டார். அந்தப் பத்து நாளில்தான் வழக்கம் நின்றது. முதல் நாளே கருப்புச்சட்டை அண்ணன் வெளியே போய் அக்காவின் பையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து சாக்கை விரித்துவிட்டார். "குந்துக்கா. இதுவும் உன் எடம்தான்." அக்கா வாசலிலேயே நின்றது. "வாணாம் தம்பி, எதாச்சும் ஆச்சுன்னா என்னைத்தான் சொல்லுவாங்க." அவர் விடவில்லை. அக்கா உள்ளே வந்து சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு முழுக்கப் பெரிய பிரஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வேலை செய்தது.

ஒன்று சொல்ல வேண்டும். கருப்புச்சட்டை அண்ணன் பழத்தை மட்டும் நிறுத்தச் சொல்லவில்லை. "பழத்துக்குப் பதிலா வேஸ்ட் தகடு வெச்சு ரெண்டு அடி அடிங்க. அடிச்சிட்டு ஒரு நிமிசம் நின்னு பாருங்க, டபுள் உழுதான்னு. அது போதும்" என்றுதான் சொன்னார். அதை நானும் காதால் கேட்டேன், திருநின்றவூர்க்காரரும் கேட்டார். முதல் வாரம் அப்படித்தான் செய்தோம். இரண்டாவது வாரம் தகடு அடித்தோம், நிற்கவில்லை. அதற்குப் பிறகு தகடும் இல்லை. சாமி என்றால் ஒரு நிமிஷம் நிற்க முடிந்தது. வெறும் தகட்டுக்கு முன்னால் கைகட்டி நிற்பது எங்களுக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது.

மேஸ்திரி திரும்பி வந்து பார்த்துவிட்டு நேராக முதலாளியிடம் போனார். முதலாளி பேரேட்டைப் புரட்டிப் பார்த்தார். காலையில் பத்து நிமிஷம் மிச்சம், அக்காவும் பத்து நிமிஷம் முன்னாலேயே உட்காருகிறது, மொத்தத்தில் நாளைக்கு இருநூறு பீஸ் கூட வருகிறது. "காலம் மாறிடுச்சு மேஸ்திரி, நாமளும் மாறணும்" என்றார். முதலாளிக்குப் பகுத்தறிவு வந்தது அந்த இருநூறு பீஸில்தான். மேஸ்திரி தன் லேத்துக்கு மட்டும் தனியாக ஒரு பழம் வாங்கிவந்து டூல் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை.

இனிமேல் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பயந்த சுபாவம். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். பூட்டின வீட்டைத் திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பேன். லோக்கல் ரயிலில் ஏறினால் தண்டவாளச் சத்தம் மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டே வருவேன். ஷெட்டிலும் அதே கதை. மோட்டார் சூடாகிறது, பெல்ட் வாசனை வருகிறது, கூரையில் விரிசல் விட்டிருக்கிறது என்று தினம் ஒன்று சொல்வேன். பத்தில் ஒன்பது தடவை ஒன்றும் இருக்காது. மேஸ்திரி ஒருநாள் கடுப்பாகி, "இன்னொரு வாட்டி அது கேக்குது இது கேக்குதுன்னு வந்தீனா கணக்கு முடிச்சு அனுப்பிடுவேன்" என்றார். வீட்டில் என் மனைவி ஏழு மாதம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நாளுக்கு முந்தின நாள் சாயந்திரம் பெரிய பிரஸ்ஸில் ஒரு சத்தம் கேட்டேன். பஞ்ச் மேலே போய் நிற்கும்போது டக்கென்று ஒரே சத்தமாக நிற்க வேண்டும். அன்றைக்கு டக் என்று நின்று, பிறகு பெருமூச்சு விடுகிற மாதிரி சின்னதாய் ஒரு இழுப்பு. நாலைந்து தடவை கேட்டேன். மேஸ்திரியிடம் போகப் பயம். கருப்புச்சட்டை அண்ணனிடம் போனேன்.

"அண்ணாத்தே, பெரிய மிஷின் முனகுது. எனக்கு பயமா கீது."

அவர் சிரித்தார். "முனகுதா? வயித்து வலியா, பேயா? எலுமிச்சம்பழம் இல்லாம ஏங்குதோ?"

"இல்ல, மெய்யாலுமே."

"மச்சான், உனக்கு எல்லாமே முனகும். போய்க் கைய கழுவு."

நான் கிளட்ச் என்று சொல்லியிருக்க வேண்டும். ஸ்பிரிங் என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லியிருந்தால் அவர் ஸ்பானரைக் கையில் எடுத்திருப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் எனக்கு வாயில் வந்தது முனகுது, பயமா கீது. அவர் காதில் விழுந்தது மூடநம்பிக்கை. அதை ஒழிக்கத்தானே அவர் வந்திருந்தார். அவர் சிரித்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. சிரிக்கிற மனுஷன் இருக்கும்போது ஒன்றும் ஆகாது என்கிற மாதிரி.

மறுநாள் எட்டு மணி. திருநின்றவூர்க்காரர் விபூதி சரியாக இருக்கிறதா என்று பிரஸ்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடித் துண்டில் பார்த்துக்கொண்டார். மோட்டார் போட்டார். முதல் தகடு வைத்தார், அடித்தார். அடித்ததை எடுக்கக் கையை விட்டார். நான் டிரில்லிங் பிட் மாட்டிக்கொண்டிருந்தேன். டக் கேட்டது. அதன் பிறகு அந்த இழுப்பு. அதற்குப் பிறகு இன்னொரு டக்.

அவர் கத்தவில்லை. "ஐயோ பாரேன்" என்றார், ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்ட மாதிரி. வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும்.

நாங்கள் மூன்று ஆம்பளைகளும் அப்படியே நின்றோம். அக்காதான் எழுந்து ஓடிவந்தது. முந்தானையைப் பல்லால் கடித்துக் கிழித்து அவர் கையைச் சுற்றி இறுக்கிக் கட்டி, கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டது. "இன்னா பாத்துகினு நிக்கிறீங்க, ஆட்டோ கூப்புடுங்க" என்றது. மேஸ்திரி ஓடினார். ஆட்டோவில் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனது அக்காவும் கருப்புச்சட்டை அண்ணனும். நான் போகவில்லை. பிரஸ்ஸின் மோட்டாரை யாரும் நிறுத்தவில்லை என்பது அவர்கள் போன பிறகுதான் தெரிந்தது. நான் போய் நிறுத்தினேன். பிறகு என் விரல்களை எண்ணினேன்.

மத்தியானம் மேஸ்திரி தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "முதல் அடியில உள்ள இருந்தா. பத்தாததுக்கு அவ துணியவே சுத்தி அனுப்பிக்கீறா. இனிமே அந்தக் கை எங்க தேறும்?" அவர் கெட்ட மனுஷன் இல்லை. சொல்லும்போது அழுதுகொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம்தான். ஒருவேளை அப்படித்தானோ என்று.

நாலாவது நாள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். திருநின்றவூர்க்காரர் கட்டுப்போட்ட கையோடு வந்திருந்தார். அக்காவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். முதலாளி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்து, யாரையும் திட்டாமல், ரொம்பத் தன்மையாகப் பேசினார்.

"நான் யார் மேலயும் குத்தம் சொல்ல வரல. மிஷின்ல கோளாறுன்னு எழுதினா இன்ஸ்பெக்டர் வருவாரு. வந்தா ஷெட்டுக்கு சீல். அப்பறம் எனக்கும் வேலை இல்ல, உங்களுக்கும் வேலை இல்ல. இவருக்கு என்னால முடிஞ்சது அஞ்சாயிரம் கையில தர்றேன். வேலையும் தர்றேன். தொழிலாளியோட கவனக்குறைவுன்னு ஒரு வரி எழுதிக்கலாம், எல்லாரும் ஒரு கையெழுத்து."

திருநின்றவூர்க்காரர் எழுந்துவிட்டார். "அது மட்டும் எழுதாதீங்க மொதலாளி. பதினோரு வருஷம். ஒரு நாள் தூங்கி வழிஞ்சு மிதிச்சவன் இல்ல நான். விரல் போச்சு, போவட்டும். என் கவனம் இல்லன்னு எழுதினா நாளைக்கு எவன் என்னைக் கூப்புடுவான்?"

கருப்புச்சட்டை அண்ணன் சொன்னார், "அப்ப மிஷின்னு எழுதுவோம். லேபர் ஆபீஸ் போவோம். சட்டப்படி வர்றது அஞ்சாயிரத்துக்கு மேல வரும்."

"எப்ப வரும்?"

"கொஞ்சம் நாளாவும்."

"காக்கா," என்றார் திருநின்றவூர்க்காரர், குரலை உயர்த்தாமல். "உன் கொள்கைக்கு ஏற்கெனவே ரெண்டு குடுத்துட்டேன். இன்னும் எத்தினி வேணும் உனக்கு?"

கருப்புச்சட்டை அண்ணன் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. தகடு அடித்துப் பார்க்கச் சொன்னதை, நாங்கள் விட்டுவிட்டதைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். சொன்னால் அது திருநின்றவூர்க்காரர் தலையில்தான் விழும், அதற்காக இருக்கலாம். அதற்குப் பதிலாக அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. முந்தின நாள் என்கிட்ட வந்தியே. என்னா கேட்டுது உனக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஷெட்டுக்கு சீல் என்ற வார்த்தை என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் ஏழு மாதம். எனக்கு உண்மை தெரியும், ஆனால் அது உண்மைதானா என்பது எனக்குத் தெரியாது. நூறு தடவை கேட்டதில் தொண்ணூறு தடவை என் மனசின் சத்தத்தைக் கேட்டவன் நான்.

"எனக்கு எப்பவுமே ஏதாச்சும் கேட்டுகினேதான் இருக்கும்ணா" என்றேன்.

மேஸ்திரி சிரித்தார். முதலாளியும் சிரித்தார். கட்டுப்போட்ட கையோடு திருநின்றவூர்க்காரரும் லேசாகச் சிரித்தார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அதற்கப்புறம் வேலை சுலபமாகிவிட்டது. மிஷின் என்றால் முதலாளிக்கு ஆகாது. கவனக்குறைவு என்றால் திருநின்றவூர்க்காரருக்கு ஆகாது. சோதனை பண்ணாதது என்றால் எங்கள் எல்லோருக்கும் ஆகாது. யாருக்கும் வலிக்காத ஒரு காரணம் வெளியே சாக்கடை ஓரத்தில் டிபன் பையோடு நின்றுகொண்டிருந்தது. மேஸ்திரி சொன்னார், "நான் ஒண்ணும் சொல்லல. பழைய வழக்கத்தத் திரும்பப் போட்டுட்டு, அந்தப் பொண்ண வேற எங்கியாவது பாத்துக்கச் சொல்லிட்டா மனசு திருப்தியாவும்." முதலாளி உடனே, "பேக்கிங் வேலை இவருக்குக் குடுத்துடலாம், இடது கையால எண்ணலாமே" என்றார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு விரல் போனவருக்கு ஒரு வேலை வேண்டாமா? அக்காவை நிறுத்தியது கொடுமை என்று நினைக்கும்போதெல்லாம் இந்த நியாயம் வந்து குறுக்கே நிற்கிறது. தாளில் 'எதிர்பாராத விதமாக' என்று எழுதினார்கள். நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம், திருநின்றவூர்க்காரர் மட்டும் இடது கை ரேகை வைத்தார். கருப்புச்சட்டை அண்ணன் கடைசியாகப் போட்டார்.

அக்காவிடம் போய்ச் சொன்னது மேஸ்திரி. நான் உள்ளே இருந்து பார்த்தேன். அது சண்டை போடும், அழும் என்று நினைத்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டது. கருப்புச்சட்டை அண்ணன் வெளியே ஓடி, "அக்கா, இது உன்னால ஆனது இல்ல, நீயாவது அத்த நம்பாத" என்றார். அக்கா அவரைப் பார்த்துச் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "நான் அன்னிக்கே சொன்னேனே தம்பி. நீதான் கையப் புடிச்சு உள்ள குந்த வெச்ச." கோபமாகச் சொல்லவில்லை. அவருக்காகப் பாவப்படுகிற மாதிரி சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி என்னை மட்டும் வரச்சொல்லிப் பெரிய பிரஸ்ஸின் கிளட்ச்சைப் பிரித்தார். உள்ளே ஸ்பிரிங் இரண்டாக முறிந்து கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், என்னிடம் காட்டினார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புது ஸ்பிரிங் மாட்டினோம். ஸ்பிரிங்கைப் பற்றி நான் வாயைத் திறந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் முறியாத ஸ்பிரிங் அன்றைக்கு ஏன் முறிந்தது என்று கேட்டிருப்பார்.

திங்கட்கிழமை பூஜை போட்டு ஆரம்பித்தோம். புது ஸ்பிரிங், பழைய பழம், அக்கா இல்லாத மூலை, மூன்றும் ஒரே நாளில். அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த வரைக்கும் ஒரு டபுள் விழவில்லை. மேஸ்திரிக்கு அவர் சொன்னது சரியாகிவிட்டது. கருப்புச்சட்டை அண்ணன் மிஷின் என்று சொன்னதும் சரியாகிவிட்டது. மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டோம், எது வேலை செய்தது என்று இனிமேல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்பிரிங்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முழுசாக நம்ப முடியவில்லை. அந்தப் பழம் மட்டும் அன்றைக்கு இருந்திருந்தால், கற்பூரம் அணைகிற வரைக்கும் நின்றிருந்தால், அந்த டபுள் பழத்தின் மேலேயே விழுந்திருக்குமோ என்று தோன்றும். அப்படியானால் அக்காவை வெளியே நிறுத்தின அந்த வழக்கம்தான் பதினோரு வருஷம் அந்த விரல்களைக் காப்பாற்றியதா? ஒரு பொம்பளையைத் தினமும் அவமானப்படுத்தித்தான் ஒரு மிஷினைச் சோதிக்க முடியும் என்றால் நாங்கள் எந்த மாதிரி ஆட்கள்? இந்த இடத்துக்கு வந்தால் எனக்குத் தலை சுற்றும்.

பெரிய பிரஸ் ஓட்ட ஆள் கிடைக்காமல் கருப்புச்சட்டை அண்ணனையே போட்டார்கள். முதல் அடி அவர்தான் அடிக்க வேண்டியிருந்தது. கருப்புச் சட்டையோடு நின்று பழத்தை வைப்பார், மிதிப்பார். கற்பூரம் மட்டும் ஏற்றமாட்டார், அதை நான் ஏற்றுவேன். அது அணைகிற வரைக்கும் எங்கள் எல்லோரையும்விட அவர்தான் கண்கொட்டாமல் பஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகு அவர் எங்களிடம் எந்தச் சாமியைப் பற்றியும் பேசவில்லை. ஆறு மாதத்தில் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

அக்காவுக்கு அந்த மாதத்தில் பத்தொன்பது நாள் சம்பளம் பாக்கி இருந்தது. நாளைக்குப் பதினாலு ரூபாய். நான் திருமுல்லைவாயலில் இருந்ததால், வெள்ளானூர் எனக்குத்தான் கிட்டே என்று முதலாளி கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார். அதற்கடுத்த ஞாயிறு சைக்கிளில் போனேன். அக்கா இருக்கிற தெருமுனை வரைக்கும் போய்விட்டேன். வாசலில் அக்காவின் சின்னப் பெண் பானை கழுவிக்கொண்டிருந்தது. அங்கேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தால் நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்கும் என்று வெட்கம். அது ஒரு பக்கம். வீட்டில் பிள்ளைத்தாச்சியை வைத்துக்கொண்டு அந்த வாசலை மிதித்துவிட்டுப் போகலாமா என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. முறிந்த ஸ்பிரிங்கைக் கண்ணால் பார்த்தவன் நான். பார்த்தும் என் கால் நகரவில்லை. குழந்தை பிறந்த பிறகு கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று திரும்பி வந்துவிட்டேன். பிரசவத்தில் சிக்கலாகி, மருந்துச் சீட்டு மேல் சீட்டாக எழுதினார்கள். கவரைப் பிரித்தேன்.

பெண் நல்லபடியாகப் பிறந்தாள். தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு நான் மறுபடி வெள்ளானூர் போனபோது இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அக்கா வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு வானகரம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். வானகரத்தில் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

தொண்ணூறுகளில் ஒருமுறை பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். அதுதான் முதலில் என்னைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டது. நன்றாக இளைத்திருந்தது. ஏதோ ஊறுகாய் கம்பெனியில் பாட்டில் கழுவுகிறதாம். திருநின்றவூர்க்காரர் கை எப்படி இருக்கிறது, சோறு பிசைந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டது. என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "உன் பொண்ணா?" என்று கேட்டுவிட்டு, குனிந்து கன்னத்தைத் தொடக் கையை நீட்டி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டது. "வேணாம், நல்லா இருக்கட்டும்" என்றது. தொடுக்கா, ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் மகளின் கையை விடவில்லை. விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

கவரைப் பற்றி அக்கா கேட்கவில்லை. முதலாளி ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்திருக்கும். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதைச் சொன்னால் தெருமுனையில் நின்றதைச் சொல்ல வேண்டும், ஏன் நின்றேன் என்பதைச் சொல்ல வேண்டும். பையில் நாற்பது ரூபாய்தான் இருந்தது. "பசங்களுக்கு எதாச்சும் வாங்கிக்குடுக்கா" என்று நீட்டினேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒருத்தருக்காவது ஞாபகம் இருக்கே" என்று சொல்லி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறிவிட்டது.

அந்த நாற்பதைக் கழிக்கலாம் என்று என் மனைவி சொல்கிறாள். அன்பளிப்பு என்று நினைத்து அக்கா வாங்கினதைப் பாக்கியில் வரவு வைக்க எனக்கு மனசு வரவில்லை. அக்காவுக்கு நான் தர வேண்டியது இன்னும் இருநூற்று அறுபத்தாறு ரூபாய்.